கார் ஷெட்டில் ஒரு பட்டறை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (திருப்பூர் வாசகர்): பணி ஓய்வுக்குப் பிறகு காரை விற்றுவிட்டேன். 10க்கு 18 அடி கார் ஷெட் காலியாகக் கிடக்கிறது. அதில் சிறிய பட்டறை அமைத்து, வீட்டுக்கு வேண்டிய அலமாரி, ஸ்டாண்டு போன்றவற்றை நானே செய்து பார்க்க ஆசை. 25,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். முதலில் எந்த மெஷினை வாங்கலாம்?

பதில்: எந்த மெஷினும் வேண்டாம். முதலில் ஒரு கனமான மேசையும், அதன் விளிம்பில் போல்ட் போட்டுப் பூட்டிய ஒரு பெஞ்ச் வைஸும் வந்து சேரட்டும். அறுப்பதானாலும் அராவுவதானாலும் துளையிடுவதானாலும் பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும். அது இல்லாத இடத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டிரில்லிங் மெஷினும் பொருளையும் சேர்த்துச் சுழற்றிக் கையைப் பதம் பார்த்துவிடும். 4 அல்லது 5 அங்குல வார்ப்பிரும்பு வைஸ் வீட்டு வேலைக்குத் தாராளம்.

வைஸின் உயரத்துக்கு ஃபிட்டர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. வைஸுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, கையை மடக்கி, முஷ்டியை மோவாய்க்கு அடியில் வைத்துக்கொண்டால், முழங்கை வைஸின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். வீட்டில் கிடக்கும் எழுது மேசையில் வைஸைப் பூட்டுகிறவர்கள் இந்த அளவை விட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மேசையையும் சுவரோடு சேர்த்துப் பூட்டிவிடுங்கள். அரத்தைத் தள்ளும்போது மேசையும் சேர்ந்து தள்ளப்பட்டால் உங்கள் உழைப்பில் பாதி தரையைத் தேய்ப்பதற்கே போகும்.

அடுத்தது அரம். 12 அங்குல முரட்டுத் தட்டை அரம் ஒன்று, 8 அங்குல மெல்லிய வெட்டு அரம் ஒன்று, அரைவட்ட அரம் ஒன்று போதும். மூன்றுக்கும் மரப்பிடி கட்டாயம், ஏனென்றால் பிடியில்லாத அரத்தின் வால்முனை உள்ளங்கையில் இறங்குவதற்கு ஒரு சறுக்கல் போதும். அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். திரும்பி வரும்போது லேசாகத் தூக்கிவிட வேண்டும். அலுமினியத்தை அராவுவதற்கு முன் பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டியை அரத்தின் மேல் தேய்த்துக்கொண்டால் துகள் பல்லில் அடைக்காது. இரும்பு அறுக்கும் ரம்பமான ஹேக்ஸாவின் பிளேடை, பல் முன்பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள். பொதுவேலைக்கு அங்குலத்துக்கு 24 பல்லும், மெல்லிய தகடு, டியூப் ஆகியவற்றுக்கு 32 பல்லும் பொருந்தும். வெட்டும் கனத்தின் மேல் எப்போதும் மூன்று பற்களாவது உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் கொட்டிவிடும்.

இவற்றோடு ஒரு மூலைமட்டம், நுண்ணளவு எடுக்கும் ஒரு வெர்னியர், துளையிடும் இடத்தைக் குத்திக் குறிக்கும் ஒரு சென்டர் பஞ்ச், 10 அல்லது 13 மில்லிமீட்டர் கை டிரில்லிங் மெஷின் ஆகியவை சேர்ந்தால் நீங்கள் சொன்ன அலமாரியும் ஸ்டாண்டும் முடிந்துவிடும். மீதிப் பணத்தை அப்படியே வைத்திருங்கள். நான்கு வேலை முடிந்த பிறகு எந்த இடத்தில் கை தடுமாறுகிறதோ, அந்த இடத்துக்கான மெஷினை வாங்கலாம். 100 துண்டுகள் கொண்ட டூல் பெட்டியை மட்டும் தயவுசெய்து வாங்க வேண்டாம். அதில் ஐந்தாறு தவிர மற்றவை அவரவர் பள்ளத்தில் படுத்து உறங்குவதையே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (ராஜபாளையம் வாசகர்): எங்கள் ஊர்த் தச்சர்கள் சிலர் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு, மரம் அறுக்கும் பிளேடை மாட்டி வேலை செய்கிறார்கள். வேலை வேகமாக நடக்கிறது. நானும் அப்படிச் செய்யலாமா?

பதில்: கூடாது. அந்தக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுழல்கிறது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டின் விளிம்பு அந்த வேகத்தில் நொடிக்கு 57 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. தேய்ப்பு வட்டு இரும்பை மெல்லமெல்லக் கரைக்கும். மர பிளேடின் பல்லோ கணுவில் கொக்கி போட்டு மாட்டிக்கொள்ளும். மாட்டிய கணத்தில் மரம் அசையாது, கிரைண்டர்தான் துள்ளும். துள்ளுகிற திசை பெரும்பாலும் பிடித்திருப்பவரின் கழுத்தையும் தொடையையும் நோக்கியே இருக்கும். மரம் அறுக்கும் சர்க்குலர் ரம்பத்துக்கு அடித்தட்டும், தானாக மூடிக்கொள்ளும் காப்பும் வைத்திருப்பது இந்தத் துள்ளலுக்காகத்தான். பிழைப்புக்காக நாள் முழுதும் அறுக்கிற தச்சருக்கே இது ஆபத்து என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறுக்கப்போகிற நமக்கு அந்த வேகத்தால் என்ன லாபம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கட்டிங் வட்டு ஒன்றைக் கைதவறிச் சிமெண்டுத் தரையில் போட்டேன். எடுத்துப் பார்த்தேன், விரிசல் எதுவும் தெரியவில்லை. மாட்டி, இரும்புப் பட்டையில் வைத்த மூன்றாவது நொடியில் ‘டப்’ என்று சத்தம். வட்டில் பாதி காணோம். அது காப்பு மூடியில் மோதிக் கூரைக்குப் போயிருந்தது. அந்த மூடியின் உட்புறத்தில் பெருவிரல் அகலத்துக்கு விழுந்த நசுக்கல் இன்றும் இருக்கிறது. கீழே விழுந்த வட்டை உடைத்துக் குப்பையில் போடுங்கள். வட்டின் நடுவளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். கடையில் வாங்கும்போதே அதைப் பார்த்து வாங்குங்கள். ஈரம் பட்டு நாளான வட்டின் பிசின் பிடிமானம் தளர்ந்துவிடும்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): மாடிக்கு இரும்புக் கதவு ஒன்றை நானே செய்ய வேண்டும் என்று 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கினேன். போட்டவுடன் வீட்டில் எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானே அணையும் ஸ்விட்ச்) விழுந்துவிடுகிறது. மெஷினில் கோளாறா?

பதில்: மெஷினில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. 200 ஆம்பியர் என்பது வெல்டிங் ராடின் முனையில் அது தரக்கூடிய உச்சம். அந்த உச்சத்தை எடுக்க முயன்றால் உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து 35 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். சாதாரண 16 ஆம்பியர் பாயிண்ட் அதைத் தாங்காது, தாங்கவும் கூடாது. இதையே 80 ஆம்பியருக்குக் குறைத்து வைத்துப் பாருங்கள். ராடுக்கும் இரும்புக்கும் இடையே ஏறக்குறைய 23 வோல்ட் நிற்கும். பெருக்கினால் 1,850 வாட் அளவுக்கு வரும். மெஷினின் இழப்பையும், இழுக்கும் மின்சாரம் முழுதும் வேலையாக மாறாததைக் காட்டும் பவர் ஃபேக்டரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் வாக்கில் முடிந்துவிடும். இது 16 ஆம்பியர் பாயிண்ட்டுக்குள் அடங்குகிற கணக்கு.

80 ஆம்பியருக்குப் பொருத்தமான ராடு 2.5 மில்லிமீட்டர், 6013 வகை. ஒரு அங்குலச் சதுர டியூபில் கதவுச் சட்டம் கட்டுவதற்கு அதுவே சரி. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் 3.15 மில்லிமீட்டர் ராடு 90 ஆம்பியருக்கு மேல் கேட்கும், மெல்லிய டியூபில் ஓட்டையும் போட்டுவிடும். தனி எம்.சி.பி., 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், நல்ல எர்த் ஆகியவற்றோடு வெல்டிங்குக்கென்றே ஒரு பாயிண்ட்டை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி இழுத்துக்கொள்ளுங்கள். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் மெஷினைப் போட வேண்டாம். சுருளுக்குள்ளேயே வயர் சூடாகி உருகும். பட்டறைக்கு மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் எம்.சி.பி. வயரைக் காக்குமே தவிர, ஷாக் அடிக்கும்போது ஆளைக் காக்காது.

மாடிக் கதவு என்பதால் துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் வாங்கியிருப்பீர்களோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. அப்படியானால் ஒட்டும் இடத்தைச் சுற்றிலும் துத்தநாகப் பூச்சை அராவி எடுத்த பிறகே ராடை வையுங்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து வெள்ளைப் புகையாக எழும். அதைச் சுவாசித்தவருக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். ஷெட்டுக்குள் பெட்ரோல் வண்டியோ தின்னர் டப்பாவோ இருந்தால் முதலில் அவற்றை வெளியேற்றுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகி): என் தாத்தாவின் இழைப்புளிகளும் உளிகளும் முழுக்கத் துருப்பிடித்துக் கிடக்கின்றன. உப்புத்தாளால் தேய்த்தால் பழைய இரும்பே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, உங்கள் பயமும் நியாயமானதுதான். இழைப்புளியின் அலகைக் கண்டபடி தேய்த்தால் அதன் தட்டையான முதுகு வளைந்து, பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரே சீராக இழைக்காது. மரக்கட்டையையும் அலகையும் தனித்தனியே பிரித்துவிட்டு, இரும்பை மட்டும் மின்சாரத்தால் துரு நீக்கலாம். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரையுங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையை அலகிலும், பாசிட்டிவ் முனையைப் பழைய இரும்புத் தகடு ஒன்றிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நீரில் இறக்குங்கள். எது எந்த முனை என்பதை இருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாற்றி மாட்டினால் தாத்தாவின் அலகு கரைந்து, குப்பைத் தகடு பளபளக்கும். சிறிது நேரத்தில் அலகிலிருந்து நுண்குமிழிகள் கிளம்பும். அது ஹைட்ரஜன், ஆகையால் திறந்த வெளியில், நெருப்புக்குத் தள்ளியே வையுங்கள். சில மணி நேரம் கழித்துச் சார்ஜரை நிறுத்திவிட்டு எடுத்தால், துரு கருநிறச் சேறாகி, பல் தேய்க்கும் பிரஷ்ஷுக்கே உதிர்ந்துவிடும்.

பாசிட்டிவ் முனையில் எவர்சில்வர் எதையும் மாட்டக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக மாறி நீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போடுவதும் வேண்டாம், குளோரின் வாயு வரும். கழுவிய இரும்பை அந்த நிமிடமே துடைத்து, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். நாகைக் காற்றில் ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் மஞ்சள் படர்ந்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் போதும். நல்லெண்ணெய் பூசுவதை வழக்கமாக வைத்திருக்கிற வீடுகள் உண்டு. அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி (கோவை வாசகர்): பழைய லேத் (கடைசல் மெஷின்) ஒன்று மலிவாக வருகிறது. த்ரீ பேஸ் மோட்டார், 1 ஹெச்.பி. வீட்டில் சிங்கிள் பேஸ் மட்டுமே. வாங்கலாமா?

பதில்: மின்சாரம் பெரிய தடையில்லை. மோட்டாரின் பெயர்த்தகட்டில் 240/415 வோல்ட் என்று இருந்தால், மோட்டார் சுருள்களின் இணைப்பை ஸ்டார் முறையிலிருந்து டெல்டா முறைக்கு மாற்றி, சிங்கிள் பேஸ் வாங்கி த்ரீ பேஸ் தரும் வி.எஃப்.டி. மூலம் ஓட்டலாம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் சேர்ந்தே கிடைக்கும். லேத்தின் படுக்கை, அதாவது வெட்டுளி நகரும் அடித்தண்டவாளம், தேய்ந்திருக்கிறதா என்பதுதான் கவலைப்பட வேண்டியது. பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்கு அருகில், வெட்டுளியைச் சுமந்து நகரும் கேரியேஜை ஆட்டமில்லாமல் சற்று இறுக்கி வைத்துக்கொண்டு, எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் கையால் ஓட்டிப் பாருங்கள். பாதி வழியில் சிக்கி நின்றுவிட்டால், அதிகம் ஓடிய சக்குப் பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று பொருள். எனக்கு அது போதுமான காரணம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்த ஜி.டி. நாயுடுவின் ஊரில் இருக்கிறீர்கள். கியர் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டச் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி (மதுரை வாசகர்): பழைய வாஷிங் மெஷின் மோட்டாரில் சாணைக்கல் பூட்டலாமா?

பதில்: கல் வேண்டாம், அந்த அச்சில் கல்லைச் சரியாகப் பிடிக்கும் தட்டுகளும் இல்லை, மூடியும் இல்லை. பாலிஷ் போடும் துணிச்சக்கரம் பூட்டலாம்.

கேள்வி (கரூர் வாசகி): ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன், அவன் அப்பாவின் பட்டறையிலேயே எந்நேரமும் நிற்கிறான். அவன் கையில் எதைக் கொடுக்கலாம்?

பதில்: மின்சாரத்தில் ஓடும் எதையும் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். வளைவுகளை அறுக்கும் சிறிய கம்பி ரம்பம், கையால் சுற்றும் டிரில், ஒரு சிறு அரம், அவன் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவற்றைக் கொடுங்கள். பெரியவர்களின் கண்ணாடி நழுவிக்கொண்டே இருந்தால் ஐந்து நிமிடத்தில் கழற்றி வைத்துவிடுவான். முதலில் பேக்கிங் பெட்டியில் வரும் மெதுமரத்தில் பழகட்டும். தேக்கும் வேம்பும் அவன் கைக்கு இன்னும் கடினம். அப்பாவின் வைஸ் அவனுக்கு உயரமாக இருக்கும். இரண்டு கனமான கட்டைகளின் மேல் அகலமான பலகை ஒன்றை ஆணியடித்து, ஆடாத மேடையாகச் செய்து அதில் ஏறி நிற்கச் சொல்லுங்கள். முஷ்டி மோவாயில், முழங்கை வைஸில்: அளவு அவனுக்கும் அதுதான். அந்த மேடையை அவனையே செய்யச் சொல்லலாம்.