வாசகர் கேள்வி – பதில்: சங்கத்தில் ஓர் ஆங்கில வகுப்பு

கேள்வி: கடை ஊழியர்கள், வீட்டுப் பணிப்பெண்கள், ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் என்று பதினெட்டுப் பேர் சேர்ந்து, கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஞாயிறு பிற்பகல்களில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கினோம். எல்லோரும் தொழிற்சங்கத்திலோ மாதர் அமைப்பிலோ ஏதாவதொரு பொறுப்பில் இருப்பவர்கள். ஆசிரியர் நல்லவர், காசு வாங்குவதில்லை. ஆனால் மூன்று மாதமாக இலக்கணக் காலங்களையும் வினைச்சொற்களையுமே மனனம் செய்கிறோம். இப்போது வருவது எட்டுப் பேர். வகுப்பைக் கைவிட்டுவிடலாமா, ஐயா?
– ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கைவிட வேண்டாம், சகோதரி, பாடத்தை மாற்றுங்கள். நின்றுபோன பத்துப் பேரையும் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை. ஆறு நாளும் கால்கடுக்க நின்று வேலை செய்துவிட்டு வருகிற ஒருவர் (கடை ஊழியருக்கு வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை என்று 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சொல்வது வேறு கதை), ஏழாம் நாளில் ‘அவன் நேற்றுச் சந்தைக்குப் போனான்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவதால் திங்கட்கிழமை தமக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வேலையிடத்தில் தினமும் வாயில் வருகிற ஆங்கிலச் சொற்களைச் சொல்லச் சொல்லிப் பலகையில் எழுதுங்கள். ஓ.டி., ஷிப்ட், டார்கட், லீவ், நோ பே, எச்.ஆர்., சுப்பவைசர் என்று பலகை நிறைந்துவிடும். தமக்கு ஆங்கிலமே தெரியாது என்று கூச்சப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் இத்தனை சொற்களோடுதான் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். ‘நோ பே’ தெரிந்தவருக்கு, சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் சம்பளமற்ற விடுமுறையையும் ஆங்கிலத்தில் பிரித்தறிய அரைமணி நேரம் போதும். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரே 1963 இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 பேருக்கு எழுத்தறிவித்தபோது, அவர்களுடைய அன்றாட வாழ்க்கையில் புழங்கிய சொற்களிலிருந்தே தொடங்கினார். அது தாய்மொழி எழுத்தறிவு, உங்களுடையது வேற்றுமொழி. ஆனாலும் அந்தத் தொடக்கம் உங்களுக்கும் பொருந்தும்.

அதற்குப் பிறகு கடிதங்களுக்கு வாருங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, விளக்கம் கோரும் கடிதம் ஆகியவற்றைப் பெயரை மறைத்துப் பிரதி எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கு ஒன்றாகப் படியுங்கள். அந்தக் கடிதம் யாருக்கு வந்ததோ அவர் நடந்ததை முதலில் தமிழில் சொல்லட்டும். ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியும், நடந்தது தெரியாது. நான் சிலகாலம் உதவிய ஒரு வகுப்பில் ‘டொமெஸ்டிக் இன்குவைரி’ என்ற சொல் வந்தபோது, வீட்டுப் பணி செய்யும் அம்மா ஒருவர், விசாரிக்க வீட்டுக்கே வருவார்களா என்று பதறிப்போனார். நிறுவனம் தனக்குள்ளேயே நடத்தும் ஒழுக்காற்று விசாரணைக்கு அப்படியொரு பெயர் வைத்தவர்களைத்தான் குறைசொல்ல வேண்டும். சிரித்து முடிந்த பிறகு அந்தச் சொல்லை ஒருவரும் மறக்கவில்லை.

சிறிய சொற்களில்தான் அதிகம் தங்க வேண்டும். ‘மே’ என்றால் கொடுக்கலாம். ‘ஷல்’ என்றால் கொடுத்தே ஆக வேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு சேவையை முடித்து விலகும் மாதச் சம்பளக்காரருக்கு, ஓர் ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை கொடுப்பதை 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் கடமையாக்கியிருக்கிறது. நியமனக் கடிதத்தில் அதையே ‘மே’ போட்டு எழுதியிருந்தால், முதலாளி மனமிரங்கித் தருகிற அன்பளிப்பைப் போலத் தோன்றும். இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது ‘ஐ அக்ரீ’, அதாவது ‘நான் சம்மதிக்கிறேன்’, என்ற இரண்டு சொல். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும் இடங்களில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்அனுமதியோ வேண்டும். ஆணையாளரிடம் போவதைவிட, வாசிக்கத் தெரியாதவரிடம் ஒரு கையொப்பம் வாங்குவது எளிது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. நமது சங்கங்கள் பலவற்றில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் இருப்பார். கடிதம் வாசிப்பவரும் பதில் எழுதுபவரும் முதலாளியோடு மேசையில் அமர்ந்து பேசுபவரும் அவரே. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் சொன்னதைத்தான் மற்றவர்கள் நம்ப வேண்டியிருக்கிறது, அவர் வெளிநாடு போய்விட்டால் சங்கம் ஊமையாகிவிடுகிறது. உங்கள் வகுப்பிலும் வேகமாகப் படிக்கும் இருவர் முன்வரிசையில் இருந்துகொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத் தொடங்கியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அந்த இருவரையும் தெரியாதவர்களுக்கு அருகில் அமர்த்துங்கள். வகுப்புக் குறிப்பை வாரத்துக்கு ஒருவர் ஆங்கிலத்தில் எழுதட்டும், ஐந்து வரியாக இருந்தாலும் போதும். முதலாளி ஒரு பக்கம், சங்கம் மறுபக்கம் என்று நடித்துப் பாருங்கள். தொழிலாளரில் குறைந்தது 40 சதவீதத்தினர் உறுப்பினராக உள்ள சங்கத்தோடு பேச முதலாளி மறுப்பதை, கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு வந்த 1999 ஆம் ஆண்டுத் திருத்தம் தடைசெய்கிறது; அந்த ஒரு விடயத்தை ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லப் பதினெட்டுப் பேருக்கும் பழக்கமானால், அடுத்த பேச்சுவார்த்தைக்கு யாரை அனுப்புவது என்று சங்கம் தெரிவுசெய்யலாம்; இப்போது அந்தத் தெரிவு இல்லை.

கேள்வி: தமிழும் அரச கரும மொழிதானே? உரிமைக்காகப் போராடுகிறவர்கள் ஆங்கிலத்தின் பின்னால் ஓடுவது முரண் இல்லையா?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: அரசியலமைப்புக்கு 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது, 1988 இல் வந்த 16 ஆவது திருத்தத்தின்படி, கொழும்பிலிருந்தும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறலாம். நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்கும் அது பொருந்தும். பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் கேட்டு எழுதுங்கள், அந்த உரிமையை விடாதீர்கள். ஆனால் தனியார் நிறுவனம் தன் ஊழியருக்கு எழுதும் கடிதத்தை அந்த ஏற்பாடு கட்டுப்படுத்துவதில்லை. 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும் 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமும் ஆங்கிலத்தில் வரையப்பட்டவை. வழக்குப் பேச்சில் இன்றும் அந்தச் சொற்கள்தாம் புழங்குகின்றன. இலங்கைத் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் சட்டசபையில் ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டே தோட்டத் தொழிலாளருக்குத் தமிழில் எழுதினார். அதில் எந்த முரணும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சிங்களம் பேசும் தோழிகளும் வகுப்பில் சேரக் கேட்கிறார்கள். குழப்பம் வரும் என்கிறார் ஆசிரியர்.
– முதற் கேள்வி கேட்ட அதே வாசகி

பதில்: சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் குழப்பம் வரத்தான் செய்யும். பலகையை மூன்றாகக் கோடிட்டு, ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதுங்கள். சிங்களப் பத்தியை நீங்களும் தமிழ்ப் பத்தியை அவர்களும் எழுத வேண்டும்.