கால்கூர்லி பேலஸ் ஓட்டலுக்கும் அமெரிக்க ஜனாதிபதி ஹூவருக்கும் என்ன தொடர்பு? அந்த ஓட்டலின் வரலாறு என்ன?

தொடர்பு உண்டு. ஆனால் அந்த ஓட்டலின் வரலாற்றில் ஹூவர் ஒரு ஓரம்தான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்க வயல் ஊர் கால்கூர்லி. அங்கே ஹானன் தெருவும் மரிடானா தெருவும் சந்திக்கிற மூலையில் 1897-ல் எழும்பியது பேலஸ் ஓட்டல். அதே ஆண்டுதான், பின்னாளில் ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர், லண்டனின் பெவிக் மோரிங் கம்பெனி அனுப்பிய சுரங்கப் பொறியாளராக அந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். கம்பெனி தேடியது அனுபவமுள்ள 35 வயதுக்காரரை. வந்தவருக்கு 23 கூட நிறையவில்லை.

பெர்த்தில் குடியிருப்பதால் வேலையாகக் கால்கூர்லி போய் அந்த ஓட்டலில் தங்கியிருக்கிறேன். கீழே பார், மேலே அறைகள், தெருவைப் பார்த்த நீளமான பால்கனி. வரவேற்பறையில் கனமான மரச்சட்டத்தில் செதுக்கு வேலைப்பாடுகளோடு ஒரு பெரிய கண்ணாடி நிற்கிறது. அதைப் பற்றி ஊரில் சொல்லும் கதை இது: பாரில் வேலை பார்த்த பெண்ணிடம் ஹூவர் மனதைப் பறிகொடுத்தார், ஓட்டலுக்கு அந்தக் கண்ணாடியை அன்பளிப்பாகத் தந்தார், அவளுக்கு ஒரு காதல் கவிதையும் எழுதினார். கவிதை அவர் எழுதியதுதானா என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள், எனக்கும் நம்பிக்கை இல்லை. 1899 பிப்ரவரியில் அவர் லூ ஹென்றியை மணந்து சீனாவுக்குப் போய்விட்டார். இங்கே அவர் விட்டுப்போன உண்மையான தடம் லியோனோரா என்ற ஊருக்கு அருகே உள்ள சன்ஸ் ஆஃப் குவாலியா சுரங்கம். அதை வாங்கச் சொன்னவரும் அவர், 1898-ல் அதன் மேலாளராக இருந்தவரும் அவர். அந்தச் சுரங்கம் 1963 வரை ஓடியது.

சரி, ஓட்டலுக்கு வருவோம். 1893 ஜூனில் பேடி ஹானன் என்ற ஐரிஷ்காரரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் கால்கூர்லியில் தங்கம் கண்டார்கள். நாலே வருடத்தில் அந்தப் பொட்டல் காட்டில் கல் கட்டடம், சொந்தமாக உற்பத்தி செய்த மின்சாரத்தில் எரிகிற விளக்கு! 1896-ல் பெர்த்திலிருந்து ரயில் வந்தது பெரிய காரணம். அதற்கு முன் மூட்டை முடிச்செல்லாம் ஒட்டகத்திலும் குதிரை வண்டியிலும் வந்தன. ஹானன் தெரு இன்றும் அவ்வளவு அகலமாக இருப்பது ஒட்டக வரிசை திரும்ப இடம் வேண்டும் என்பதற்காக. ஒட்டகம் ஓட்டியவர்களை மொத்தமாக ஆப்கானியர் என்றார்கள்; அவர்களில் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பலுசிஸ்தான், பஞ்சாப் பக்கத்து ஆட்கள். ஓட்டல் வரலாறு எழுதுகிறவர்கள் இவர்களை விட்டுவிடுவது எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்று தண்ணீர். ஆறு கிடையாது, மழை அரிது, தோண்டினால் உப்புநீர். அதை இரும்புத் தொட்டிகளில் கொதிக்கவைத்து, ஆவியை நீளக் குழாய்களில் ஓடவிட்டு ஆறவைத்து, சொட்டுவதைப் பிடித்துக் காலன் கணக்கில் விற்றார்கள். அந்த அடுப்புகளுக்கும் சுரங்கங்களுக்கும் சுற்றுவட்டார மரமெல்லாம் விறகாகப் போனது. சுத்தமான தண்ணீர் இல்லாத ஊரில் டைபாய்டு பலரைக் கொண்டுபோனது. பேலஸின் சொகுசு இதற்கு நடுவில் இருந்த சொகுசு. அந்தக் காலத்தில் கால்கூர்லியிலும் பக்கத்து போல்டரிலும் சேர்த்து 90-க்கு மேல் ஓட்டல்கள் இருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த நிலையை மாற்றியவர் சி. ஒய். ஓகானர் என்ற பொறியாளர். பெர்த் அருகே முண்டாரிங்கில் அணை கட்டி, 8 நீராவிப் பம்ப் நிலையங்கள் வைத்து, ஏறக்குறைய 530 கிலோமீட்டர் குழாய் வழியே தண்ணீரை மேடேற்றுவது அவர் திட்டம். நடக்காத காரியம் என்றார்கள், ஊழல் என்று பத்திரிகையில் எழுதினார்கள். 1902 மார்ச்சில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஜனவரி 24-ம் தேதி கால்கூர்லிக்குத் தண்ணீர் வந்தது. அவர் போட்ட கணக்கு சரியாகவே இருந்தது.

ஆகவே, அங்கே போனால் கண்ணாடியைப் பாருங்கள், தப்பில்லை. அப்புறம் ஹானன் தெருவிலேயே மேலே போய் மவுண்ட் சார்லட் குன்றில் அந்தக் குழாய் வந்து முடியும் நீர்த்தேக்கத்தையும் பார்த்துவிடுங்கள். ஊர் குடிக்கும் தண்ணீர் இன்றும் முண்டாரிங் பக்கத்திலிருந்துதான் வருகிறது.