தனியாகச் சிகரம் ஏறலாமா?

கேள்வி: வேலைக்காகச் சென்னையிலிருந்து டென்வருக்குக் குடிபெயர்ந்திருக்கிறேன். இந்தக் கோடையில் கொலராடோவின் 14,000 அடிச் சிகரங்களில் தனியாக ஏற ஆசை. லாங்ஸ் பீக்கில் தொடங்கலாமா? துணையில்லாமல் போவது ஆபத்தா?

பதில்: தனியாகப் போகலாம், ஆனால் லாங்ஸ் பீக்கில் தொடங்க வேண்டாம். 4,346 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தின் கீஹோல் பாதை, பெரும்பகுதி நல்ல நடைபாதையாக இருந்தாலும், கீஹோல் என்னும் பாறைத் திறப்பைத் தாண்டியதும் கைகளையும் ஊன்றி ஏறவேண்டிய செங்குத்துப் பாறையாக மாறிவிடுகிறது. முதல் ஏற்றத்துக்கு, குவானெல்லா கணவாயிலிருந்து போய்வரச் சுமார் 11 கிலோமீட்டர் தூரமுள்ள மவுண்ட் பியர்ஸ்டாட் போதும். வார இறுதியில் அங்கே கூட்டம் அதிகம் என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். தனியாகப் போகும் உங்களுக்கோ அந்தக் கூட்டமே துணை.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகல் இடிமழை அங்கே வாடிக்கை. சுமார் 3,500 மீட்டருக்கு மேல் மரங்களே இல்லாததால் மின்னலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. ஆகவே விடியுமுன் கிளம்பி, நண்பகலுக்குள் சிகரத்திலிருந்து இறங்கத் தொடங்கிவிட வேண்டும்.

இவற்றைவிட நான் அஞ்சுவது உயரத்தால் வரும் நோயைத்தான். தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறாமல் நின்றுவிடுங்கள், குறையவில்லையென்றால் இறங்கிவிடுங்கள். நோய் முற்றி மூளை வீங்கினால் நடை தள்ளாடும், புத்தியும் தடுமாறும். உடன் வருபவர் இருந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார், தனியாக இருப்பவருக்கோ தமக்கு என்னவோ ஆகிறது என்பதே உறைக்காது. ஆகவே இடையிடையே, ஒரு காலின் குதியை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டவைத்துப் பத்தடி நேர்கோட்டில் நடந்து பாருங்கள். சமதரையிலும் அது முடியவில்லையென்றால், சிகரம் கண்ணெதிரே இருந்தாலும் உடனே இறங்கத் தொடங்கி, உதவிக்கும் அழையுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையும் புத்தி தெளிவாக இருக்கும்போதே, வீட்டிலேயே முடிவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளின் நகலொன்றை, பாதையின் பெயர், கார் நிற்குமிடம், எத்தனை மணிவரை தகவல் வராவிட்டால் 911-ஐ அழைக்க வேண்டும் என்ற விவரங்களோடு, நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். மலையில் செல்பேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியொன்று கையில் இருப்பது நல்லது. கொலராடோவில் தேடி மீட்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். மீட்புக்குக் கட்டணம் கேட்பதில்லை. ஆம்புலன்ஸ் செலவு மட்டும் தனி. பணத்தை எண்ணி அழைக்கத் தயங்காதீர்கள்.