ராயபுரம் பாட்டி வீட்டு டீ செட்: பூ கையால் வரைந்ததா, அச்சா?

பரணில் கிடைத்த பீங்கான் செட் என்கிறீர்கள். சரி, லென்ஸில் பூவைப் பாருங்கள். ஒரே சீரான சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சு. தூரிகை இழுப்பும், கோப்பைக்குக் கோப்பை கொஞ்சம் மாறும் இதழும் தெரிந்தால் கைவேலை. அச்சுக் கோட்டுக்குள் கையால் வண்ணம் நிரப்பியதும் உண்டு. நானே அதில் ஏமாந்திருக்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைப் பீங்கானை வாங்கி, பளபளப்புப் பூச்சின் மேல் வரைந்து, சூளையில் மறுபடி சுடுவது இங்கிலாந்து, அமெரிக்கப் பெண்களின் பெரிய பொழுதுபோக்கு. அதனால் அடியில் இருக்கும் ஆலை முத்திரையை வைத்து வரைந்தவரைச் சொல்ல முடியாது. ‘நிப்பான்’ முத்திரை அசலானால் பெரும்பாலும் 1891–1921 காலத்து ஜப்பான் சரக்கு. அப்புறம், தங்க விளிம்பைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்!