போகப் போகப் பின்தங்கும் சப்டைட்டில் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சங்க மண்டபத்தில் அடுத்த மாதம் சனிக்கிழமைதோறும் ஒரு படம் போடப்போகிறோம்: பழைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம், புதிய தமிழ்ப் படம், ஒரு ஜூலு படம், பிள்ளைகளுக்கு அனிமேஷன். 80 நாற்காலி, 4 மீட்டர் அகலத் திரை, 3500 லூமென் (வெளிச்ச அளவு) புரொஜெக்டர். போன முறை சப்டைட்டில் முதலில் சரியாக வந்து, போகப் போகப் பின்தங்கியது. பாட்டு அதிர்ந்தது, வசனம் கேட்கவில்லை. இளையவர்கள் எழுந்து போய்விட்டார்கள். என்ன செய்யலாம்?

எம்.

அன்புள்ள எம்.,

டர்பன் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வளர்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை சப்டைட்டில் போனால் படமே போயிற்று. அதனால் அதை முதலில் பார்ப்போம்.

சப்டைட்டில் மூன்று விதமாகப் பிசகும். தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு முன்பின்னாக இருந்தால் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஜி, எச் விசைகளைத் தட்டினால் போதும். ஒரு தட்டுக்கு 50 மில்லிநொடி நகரும். ஓர் இடம்வரை சரியாக வந்து சட்டென்று நாலு நிமிடம் தவறினால், அந்தப் பிரதியில் ஒரு பாட்டை வெட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிந்திய வரிகளை மட்டும் மொத்தமாக நகர்த்த வேண்டும். உங்களுடையது மூன்றாவது வகை: சப்டைட்டில் நொடிக்கு 24 ஃபிரேம் பிரதிக்கு எழுதியது, நீங்கள் ஓட்டியது 25 ஃபிரேம் பிரதி. படம் நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக ஓடிவிடும். 160 நிமிடப் படத்தில் முடிவுக்கு வரும்போது ஆறு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழும். இங்கே ஜி, எச் உதவாது. ஐந்தே நிமிடத்தில் மறுபடி 12 நொடி நழுவும். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் விகிதத்தை மாற்றிச் சேமியுங்கள். கோப்பு 23.976-க்கு எழுதியதாகவும் இருக்கலாம். அதை 24 என்று கொடுத்தால் கடைசியில் பத்து நொடி தப்பும். முதல் வசனம், கடைசி வசனம் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். பார்க்க வேண்டிய நாள் வியாழக்கிழமை, சனிக்கிழமை மதியம் அல்ல.

வரி சரியாக வந்தாலும் முன்வரிசைத் தலைகள் மறைக்கும். தரை சமமாக இருந்தால் திரையின் கீழ்விளிம்பு 1.4 மீட்டர் உயரத்திலாவது இருக்கட்டும். கூரை இடம் தராவிட்டால் நாற்காலிகளை வரிசைக்கு வரிசை அரை நாற்காலி விலக்கிப் போடுங்கள். ஜூலு படத்தன்று இது முக்கியம். சப்டைட்டில் படத்திலேயே பதிந்து வந்தால் மேலே ஏற்ற முடியாது. அன்று அண்டை வீட்டு ஜூலுக்காரர்களையும் அழையுங்கள். சப்டைட்டிலை எதிர்பாராமல் முதலில் சிரிப்பது அவர்கள்தான்.

வசனம் கேட்காததற்கு ஒலிபெருக்கியைக் குறை சொல்ல வேண்டாம். ஆறு சேனலாகப் பிரித்த 5.1 ஒலியில் பேச்சு நடு சேனலில் வரும். உங்களிடம் இருப்பது இடது, வலது இரண்டே பெட்டி என்றால் நடு சேனலுக்குப் போக்கிடம் இல்லை. பிளேயரின் ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றினால் பேச்சு இரண்டிலும் வரும். ஈக்வலைசரைத் திருகிப் பயனில்லை.

வெளிச்சம் போதும். 4 மீட்டர் அகலத் திரை 9 சதுர மீட்டர்; நன்றாக இருட்டிய மண்டபத்தில் வெள்ளை மேட் திரைக்கு ஏறத்தாழ 1400 லூமென் போதுமானது. பெட்டியில் போட்ட 3500, சினிமா வண்ண அமைப்பில் பாதியாகக்கூடும் என்றாலும் தேறும். ஆனால் பகல் காட்சிக்கு ஜன்னலைத் துணி போட்டு மூடாவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது.

பழைய படத்துக்குப் புரொஜெக்டரில் 4:3 வையுங்கள். திரை முழுக்க இழுத்தால் முகம் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். இரு பக்கமும் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

ப்ளூரே வாங்கியதோ ஸ்ட்ரீமிங் சந்தாவோ மண்டபத்தில் போட அனுமதி ஆகாது, நுழைவு இலவசமானாலும். தேதி, இருக்கை எண்ணிக்கை, கட்டணம் உண்டா என்பதை எழுதிப் படத்தின் உரிமையாளரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்குங்கள். எஃப்.பி.பி. (தென்னாப்பிரிக்கத் திரைப்பட, வெளியீட்டு வாரியம்) வயது வகைப்பாடு உள்ள படமா என்றும் பாருங்கள்.

புதிய படத்தை முதல் வாரம் வைக்காதீர்கள்; அதை மால் தியேட்டரிலேயே பார்த்துவிடுவார்கள். அனிமேஷனில் தொடங்கினால் பிள்ளைகளோடு பெற்றோரும் வருவார்கள். மாதம் புரட்டாசியில் விழுந்தால் இடைவேளைக்குப் பீன்ஸ் பன்னிசாவ் (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு போல பீன்ஸ் குழம்பு) மட்டும் போதும், ஆட்டுக்கறி விற்றுப் பேச்சு வாங்க வேண்டாம்.

விளக்கு உள்ள புரொஜெக்டரானால் அதற்கு ஒரு சிறு யுபிஎஸ் அவசியம். லோட்ஷெடிங்கோ தெருவில் கேபிள் கோளாறோ, மின்சாரம் போனவுடன் விசிறியும் நின்றால் சூட்டில் விளக்கு கெடும். ஐந்து நிமிடம் விசிறி ஓடினால் போதும். படத்தைத் தொடர்ந்து ஓட்ட இன்வெர்ட்டர் வேண்டும்: புரொஜெக்டர், பிளேயர், ஆம்ப்ளிஃபையர் சேர்ந்து 550 வாட் என்றால் மூன்று மணி நேரத்துக்கு 1650 வாட்-மணி. ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று வாங்குங்கள்.