தேங்காய் எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடுமா? எந்த எண்ணெய் நல்லது?

டீசலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், நல்லெண்ணெய் விடலாமா, எல்லா எண்ணெயும் ஒன்றுதானா என்பது கேள்வி. 2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் கான்களோடு டீசல் வரிசையில் நின்ற லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) காரர்களும் கராச்சுக்கு வந்து இதைத்தான் கேட்டார்கள்.

ஓடும். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சின் கச்சான் எண்ணெயில் ஓடியது. ருடோல்ப் டீசலே அதைப் பிறகு எழுதி வைத்திருக்கிறார். எவ்வளவு காலம் ஓடும் என்பதில்தான் வில்லங்கம்.

"தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள்ளே மண்ணெண்ணெயில் ஓட்டினோமே" என்று எங்கள் ஆட்கள் உடனே சொல்வார்கள். அது வேறு கதை. மண்ணெண்ணெய் டீசலைவிட மெல்லியது, வழவழப்புக் குறைந்தது; அதனால் தேய்வது பம்ப். தாவர எண்ணெயில் பிரச்சினை நேரெதிர்: தடிப்பு.

40 பாகை செல்சியஸில் டீசலின் பிசுக்குமை, அதாவது தடிப்பின் அளவு, ஏறக்குறைய 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ். தேங்காய் எண்ணெய் 27 அளவில் நிற்கும், மற்றச் சமையல் எண்ணெய்கள் பெரும்பாலும் 30க்கு மேலே. இஞ்சக்டர் டீசலைப் புகாராகச் சீற வேண்டும். தடித்த எண்ணெய் பெரிய துளிகளாக விழுகிறது. துளி முழுதாக எரியாது. அப்படிக் கொஞ்சக் காலம் ஓடிய எஞ்சினின் நொசிலைக் கழற்றிப் பார்த்தால் துளையைச் சுற்றிக் கரி புனல் மாதிரி வளர்ந்திருக்கும். அதற்குப் பிறகு பிஸ்டன் றிங் ஒட்டும். எரியாத எண்ணெய் கீழே வழிந்து எஞ்சின் ஒயிலையும் கூழாக்கும்.

ஏன் இவ்வளவு தடிப்பு? எண்ணெயின் ஒரு மூலக்கூறு என்பது ஒரு கிளிசரோலில் மூன்று கொழுப்பமிலங்கள் தொங்குவது. ஒலேயிக் அமிலத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றும் கிளிசரோலோடு சேர்ந்திருக்கும்போது பிசுக்குமை சுமார் 33. தனி அமிலமாகப் பிரித்தால் 20. ஐதரசன் பிணைப்பால் அமில மூலக்கூறுகள் சோடி சேர்வதால் அதற்குக் கீழே இறங்காது. மெத்தனோலோடு சேர்த்து மெத்தில் எஸ்டராக்கினால் 4.5. டீசலுக்குக் கிட்ட வந்துவிட்டது. பயோடீசல் என்பது இவ்வளவுதான்.

சரி, எல்லா எண்ணெயும் ஒன்றா என்றால், இல்லவே இல்லை. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லோரிக் அமிலம்: 12 கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலி, இரட்டைப் பிணைப்பு கிடையாது. நல்லெண்ணெயில் ஒலேயிக்கும் லினோலேயிக்கும்தான் பெரும்பங்கு. முன்னதில் ஒரு இரட்டைப் பிணைப்பு, பின்னதில் இரண்டு. இரட்டைப் பிணைப்புக் கூடக் கூட எளிதில் பற்றும் தன்மை, அதாவது சீட்டேன் எண், குறையும். எஸ்டராக்கிப் பார்த்தால், இரட்டைப் பிணைப்பே இல்லாத மெத்தில் ஸ்டியரேட் 85ஐத் தாண்டும், மெத்தில் ஒலியேட் 55ஐ ஒட்டி நிற்கும், மெத்தில் லினோலியேட் 40 பக்கம். அப்படியென்றால் இரட்டைப் பிணைப்பே இல்லாததுதான் நல்லதா? அங்கேதான் மல்லுக்கட்டு. நன்றாகப் பற்றுகிற மெத்தில் ஸ்டியரேட் 38 பாகையிலேயே உறைந்துவிடும். மெத்தில் ஒலியேட் சைபருக்குக் கீழே 20 வரை தாங்கும். ஐரோப்பாக்காரருக்கு இது பெரிய தலையிடி. மார்கழிப் பனியில் போத்தலுக்குள் தேங்காய் எண்ணெய் வெள்ளையாகக் கட்டுவதுதான் நாங்கள் காணும் அதிகபட்சம், அதையும் எஸ்டராக்கினால் மெத்தில் லோரேட் 5 பாகை வரை உறையாது.

எங்கள் வெக்கைக்குப் பயப்பட வேண்டியது மற்றப் பக்கம். லினோலேயிக் கூடிய எண்ணெய் காற்றுப்பட்டால் பிசினாகும். மூன்று இரட்டைப் பிணைப்புள்ள லினோலெனிக் நிறைந்த ஆளிவிதை எண்ணெயைப் பெயின்ட்டில் சேர்ப்பதே அது அப்படி இறுகிக் காய்வதால்தான். மாதக்கணக்கில் தாங்கியில் கிடக்கும் எண்ணெய்க்கு அந்தக் குணம் ஆகாது. ஆமணக்கை யோசிக்கவே வேண்டாம்; அதன் கொழுப்பமிலத்தில் ஒரு ஐதரொட்சில் கூட்டம் ஒட்டியிருப்பதால் மற்ற எண்ணெய்களைவிடப் பல மடங்கு தடிப்பு.

ஆக, யாழ்ப்பாணத்துக்கு இரசாயனப்படி சிறந்தது தேங்காய் எண்ணெய். விலைப்படி? சம்பலுக்கே தேங்காயை எண்ணி உடைக்கும் நாளில் அதை லாண்ட்மாஸ்டருக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்! வேப்பெண்ணெயும் இலுப்பெண்ணெயும் வாய்ப்பானவை, ஆனால் அவற்றில் கட்டற்ற கொழுப்பமிலம் (கிளிசரோலை விட்டுப் பிரிந்த அமிலம்) கூட இருக்கும். பயோடீசலாக்க வழக்கம்போல வினையூக்கியாகக் கோஸ்டிக் சோடா போட்டால் பயோடீசலுக்குப் பதிலாகச் சவர்க்காரம் கிடைக்கும். முதலில் அமிலத்தோடு ஒரு சுற்று வினை நடத்த வேண்டும். அப்படியே எஞ்சினில் விட்டால் செம்பு, பித்தளைப் பாகங்களை அரிக்கும். தேத்தண்ணீர்க் கடையில் வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய்க்கும் இதே வியாதி, கூடவே தண்ணீரும் இருக்கும்.

அவசரத்துக்கு என்றால், முன்னறை (எரிபொருள் முதலில் பற்றும் சிறு அறை) வைத்த பழைய, மெதுவாக ஓடும் எஞ்சினில் நன்றாக வடித்த எண்ணெயைப் பத்தில் ஒன்று, மிஞ்சினால் ஐந்தில் ஒன்று டீசலோடு கலந்து விடலாம். மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைச் சீறும் புதிய கொமன் றெயில் வாகனத்தில் கை வைக்காதீர்கள், இஞ்சக்டர் விலை உங்களை அழ வைக்கும். ஒழுங்காகச் செய்த பயோடீசல் கிடைத்தால் ஒரு மேலதிக பில்டர் வாங்கி வையுங்கள்: அது தாங்கியில் பல வருடமாகப் படிந்த அழுக்கைக் கரைத்துக்கொண்டு வரும், முதல் தாங்கி முடிவதற்குள்ளேயே பில்டர் அடைக்கலாம். பழைய றப்பர்க் குழாய்களையும் அது ஊதவைத்து மெதுவாக்கும், அவற்றையும் பார்த்து மாற்றுங்கள்.