சின்ன கிட்டார் ஆம்ப்பில் சில நோட்டுகளுக்கு மட்டும் 'கிர்ர்' என்று அதிர்கிறது, ஸ்பீக்கரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேட்டவர் சொல்வது இது: 15 வாட் பிராக்டிஸ் ஆம்ப், 8 அங்குல ஸ்பீக்கர், வாங்கி நான்கு வருடம் ஆகிறது. தடிமனான தந்திகளில் சில நோட்டுகளை வாசித்தால் மட்டும் உள்ளே ஏதோ தகரம் ஆடுவது போலச் சத்தம். கடையில் காட்டினால் ஸ்பீக்கர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். 'சில நோட்டுகளுக்கு மட்டும்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுதான் துப்பு. 'காயில்' என்கிற உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் உரசும் ஸ்பீக்கர் பெரும்பாலும் நோட்டு பார்த்துக் கரகரக்காது, மெதுவாக வாசித்தாலும் தன் குணத்தைக் காட்டிவிடும். ஒரு குறிப்பிட்ட நோட்டுக்கு மட்டும் எழுந்து அடுத்த நோட்டுக்கு அடங்கும் சத்தம் என்றால், எங்கோ ஒரு துண்டு தளர்ந்து கிடந்து தனக்குப் பிடித்த அதிர்வு வந்ததும் சேர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்கும்போது எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஜன்னல் கண்ணாடி மட்டும் படபடவென்று அடிக்கும், டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் நின்றுவிடும். லாரியும் அதேதான், கண்ணாடியும் அதேதான், அதிர்வின் வேகம்தான் மாறியது. உங்கள் ஆம்ப்பிலும் அதே கதைதான்.

நான் இருப்பது சென்னை காசிமேட்டில், சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். என் ஆம்ப்புக்கு இந்த வியாதி வந்தது ஒரு டிசம்பரில், கேரல்ஸ் ரிகர்சல் நடந்துகொண்டிருந்தபோது. பாதிப் பாட்டு ஜி ஸ்கேலில் இருக்கும், ஜி கார்டு அடிக்கும்போதெல்லாம் ஆம்ப் 'ஜ்ர்ர்' என்று கூடவே பாடும். எனக்கும் கடையில் ஸ்பீக்கர் போச்சு என்றுதான் சொன்னார்கள். அந்த வாரம் சர்ச்சுக்கு மைக் செட் போட வந்திருந்த தண்டையார்பேட்டை அண்ணன் ஒருவர், நான் ஆம்ப்பைக் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, கண்ணால தேடிக்கினு கீற? கையால தேடு."

"ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு சொல்றாங்கண்ணே."

"போயிருந்தா எல்லாத்துக்கும் கத்தும்பா. நீ அந்த ஒரு நோட்ட மட்டும் வுடாம வாசி."

நான் தடித்த ஆறாவது தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் இருக்கும் மூன்றாவது குறுக்குக் கம்பியில் அழுத்தித் திரும்பத் திரும்பத் தட்ட, அவர் உள்ளங்கையை ஆம்ப்பின் மேல் பலகையில் வைத்தார், பக்கத்துக்கு நகர்த்தினார், பின்னால் போனார். கைப்பிடியை அழுத்தியதும் சத்தம் பாதியானது. கைப்பிடியில்தான் கோளாறு என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவர் தலையை ஆட்டி, "பாதிதான் கொறையுது, முழுசா நிக்கலையே" என்று சொல்லி, கைப்பிடிக்கு நேர் கீழே, மின்சாரப் பாகங்கள் உட்கார்ந்திருக்கும் தகரச் சட்டமான சேஸிஸைப் பலகையோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்தினார். சத்தம் கத்தரித்தது போல நின்றது. அந்த ஸ்க்ரூ பார்க்க இறுக்கமாகத்தான் இருந்தது. திருப்புளி வைத்துத் திருப்பினால் சுற்றிக்கொண்டே போனது, மரம் அதைப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து எத்தனையோ பேருடைய ஆம்ப்பைப் பார்த்துவிட்டேன், இந்த வரிசையை மாற்றியதில்லை: முதலில் கை, அப்புறம்தான் திருப்புளி. எடுத்த எடுப்பில் கண்ணில் பட்ட எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கினால் சத்தம் நிற்கலாம், ஆனால் எது நிறுத்தியது என்று தெரியாது, இரண்டு மாதத்தில் திரும்பி வரும்.

கை வைப்பதற்கு முன்னால், சத்தம் ஆம்ப்பில் இருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆறாவது தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டும், ஐந்தாவது தந்தியைச் சும்மா தட்டுவதும் ஒரே ஏ நோட்டு, 110 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 110 அதிர்வு. இரண்டு இடத்திலும் அதிர்ந்தால் சந்தேகம் ஆம்ப் மீது. ஓரிடத்தில் மட்டும் என்றால் தந்தி ஃப்ரெட்டில் இடிக்கிறது, அது கிட்டாரின் கோளாறு. அடுத்து ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள், சின்ன ஆம்ப்புகளில் செருகியதும் ஸ்பீக்கர் அடங்கிவிடும். சத்தம் ஹெட்போனிலும் வந்தால் அது மின்சாரப் பக்கம், பலகையைத் தடவிப் பயனில்லை. கடைசியாக, ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போங்கள். பீரோ கைப்பிடி, அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் தட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் ஆணி என்று வீட்டில் ஆடுவதற்கு ஆயிரம் சாமான் இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஆம்ப்பை வைத்திருந்தால் அந்த ஸ்டூலே குற்றவாளியாக இருக்கலாம். அடியில் இருக்கும் நான்கு ரப்பர் கால்களில் ஒன்று விழுந்திருந்தாலும் ஆம்ப் தரையில் தட்டும், மடித்த பழைய மிதியடி ஒன்றைக் கீழே போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆம்ப்தான் என்று தெரிந்துவிட்டால், நோட்டு வாசிக்க ஆள் தேட வேண்டியதில்லை. போனில் டோன் ஜெனரேட்டர் என்று இலவச ஆப் கிடைக்கும். அதை ஆம்ப்பில் போன் வயரைச் செருகும் ஆக்ஸ் இன்புட்டில் கொடுத்து, 70 ஹெர்ட்ஸிலிருந்து 400 வரை மெதுவாக ஏற்றுங்கள். வால்யூம் மிதமாக இருக்கட்டும், நிற்காத ஒற்றை ஓசையைச் சத்தமாக வைத்து நெடுநேரம் விட்டால் காயில் சூடாகிவிடும். சாதாரண டியூனிங்கில் தடித்த தந்தியின் ஈ நோட்டு 82 ஹெர்ட்ஸ், நான் சொன்ன ஜி 98. எந்த எண்ணில் அதிர்வு உச்சமோ அங்கே நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் தேடுங்கள். மூலைத் தகரங்கள், பெயர்ப் பட்டை, கிரில், வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் நட்டு, இன்புட் ஜாக்கின் நட்டு, பின் பலகை, பவர் கார்டு சுற்றி வைக்கும் இடம், எதையும் விடாதீர்கள். காது இடத்தைத் தப்பாகக் காட்டும், விரல் அவ்வளவு சுலபமாக ஏமாறாது. ஆனால் என் கைப்பிடி ஏமாற்றியது போல, சத்தம் குறையும் இடத்தில் திருப்திப்படாமல் நிற்கும் இடம் வரை போங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். விலை குறைந்த ஆம்ப்புகளின் பெட்டி பெரும்பாலும் மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், காய்ந்த பிறகு பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது, ஸ்க்ரூ ஓட்டை பொருபொருவென்று ஆகிவிடும். இந்தப் பக்கம் உப்புக் காற்று வேறு ஸ்க்ரூவைத் தின்கிறது, என் ஆம்ப்பில் கழற்றிய ஸ்க்ரூ ஒன்றின் மரை துருவாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. வைத்தியம் சுலபம்: மருந்து நீக்கிய தீக்குச்சி இரண்டு மூன்றை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டைக்குள் அடைத்து, பலகை மட்டத்துக்கு வெட்டி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மறுநாள் அதே அளவு புது ஸ்க்ரூவைப் போடுங்கள். கிடைத்தால் எவர்சில்வர் ஸ்க்ரூவே போடலாம். தகரமும் பலகையும் தொடும் இடத்தில் நாற்காலிக் காலுக்கு ஒட்டுகிற ஃபெல்ட் ஸ்டிக்கரை நறுக்கி வையுங்கள். பின் பலகை ஓரத்துக்கு, ஜன்னலுக்கு ஒட்டும் ஸ்பாஞ்சு டேப் போதும். உலோக நட்டுகளுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டால் அருமையாகப் பிடிக்கும், ஜாக், குமிழ் நட்டுகளுக்கு மட்டும் வேண்டாம், சில ஆம்ப்புகளில் அந்த இடம் வழியாகத்தான் எர்த் போகிறது.

திறப்பதற்கு முன்னால் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் இருக்கும் வால்வு ஆம்ப் என்றால் சேஸிஸைத் திறக்கவே வேண்டாம், பிளக்கை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது ஆளைக் கொல்லும்.

ஸ்பீக்கரை இறுக்கும்போது நிதானம் வேண்டும், என் பெரிய தப்பு அங்கேதான் நடந்தது. ஸ்பீக்கரின் காந்தத்துக்கு வலு அதிகம். திருப்புளியைச் சாய்வாகக் கொண்டுபோனேன், காந்தம் அதை வெடுக்கென்று இழுத்தது, முனை, ஸ்பீக்கரில் கூம்பு போல இருக்கும் பேப்பர் கோனில் குத்தி மிளகு அளவு ஓட்டை விழுந்தது. மெல்லிய டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து இரண்டு பக்கமும் ஒட்டினேன், இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் ஓர் அட்டையைக் கோனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டே வேலை செய்யுங்கள். ஸ்க்ரூக்களை எதிரும் புதிருமாக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் முரட்டுத்தனமாக இறுக்கினால் ஸ்பீக்கரின் தகரச் சட்டம் கோணி, நன்றாக இருந்த காயிலே உரச ஆரம்பிக்கும்.

ஸ்பீக்கரைக் கழற்றியிருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள், இதைக் கடைக்காரர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். கம்பி முனையிலிருந்து கோனுக்குப் பின்னிய ஜடை போல இரண்டு மெல்லிய செப்பு இழைகள் போகும். அவை தொய்ந்து கோனைத் தொட்டால் கனமான நோட்டுகளில் சப்சப்பென்று அறையும், கேட்பதற்கு அசல் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரியே இருக்கும். தொடாத மாதிரி மெல்ல வளைத்துவிடுங்கள், தொடும் இடத்தில் ரப்பர் பசை ஒரு சொட்டு வைக்கலாம். முழு இழையையும் பசையில் மூடிவிடாதீர்கள், விறைத்துப்போய் சீக்கிரம் ஒடிந்துவிடும். நடுவில் குமிழ் போல இருக்கும் தொப்பியின் ஓரம் எங்காவது விட்டிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்துச் சத்தம் நிற்காவிட்டால்தான் காயில். கோனின் இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து நேராக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். மணல் தாளில் தேய்த்த மாதிரி உரசல் கேட்டால் கடைக்காரர் சொன்னது சரிதான். அப்போதும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் அதே அளவு, அதே ஓம்ஸ் (மின்தடை), வாட் குறையாத ஸ்பீக்கராகத் தேடி வாங்குங்கள், ஓம்ஸ் குறைந்ததைப் போட்டால் ஆம்ப்பே சூடேறிப் போய்விடும்.

வாசிக்காமல் இருக்கும்போதும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் அது வேறு விஷயம். அப்போது வீட்டின் எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பி இருக்காது. அதை நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள், தந்தியில் கை வைத்திருப்பது நீங்கள்.

எல்லாம் மூடிய பிறகு இன்னொரு முறை 70லிருந்து 400 வரை ஓட்டுங்கள், பின் பலகையை மாட்டியதும் புதிதாக ஒன்று ஆட ஆரம்பிப்பது சகஜம். நான் வருடா வருடம் தை பிறந்து பலகை நன்றாகக் காய்ந்ததும் ஒரு தடவை எல்லா ஸ்க்ரூவையும் தொட்டுப் பார்த்துவிடுகிறேன், சேஸிஸ் ஸ்க்ரூ ஒவ்வொரு தடவையும் கால் சுற்று வாங்கிக்கொள்கிறது.